வசந்தாமணி வைத்த பச்சைப் புள்ளி

டாலஸுக்கு வடக்கே ரிச்சர்ட்சனில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வசந்தாமணியின் வேலை ரொம்ப நாளைக்கு ஒரு வேடிக்கையாக இருந்தது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் காகிதத் தட்டோடு வட்டமாக நிற்கும் ஆண்களில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். "நம்ம வசந்தாக்காவுக்கு என்ன கவலை? நாளெல்லாம் சைட் அடிக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க." சிரிப்பு அடங்க நேரமாகும். அவள் புருஷன் சேனாபதியும் கூடச் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் உம்மென்று வருவான்.

வேலை என்னவோ சைட் வேலைதான். கார்லண்டில் ஒரு துப்பாக்கிக் கடை. பிஸ்டலின் மேல்பக்கம் முனையில் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சின்ன இரும்புக் கட்டைகள் இருக்கும். பின்கட்டையின் பிளவு வழியாக முன்கட்டையைப் பார்த்துக் குறி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் சைட். கம்பெனி வைத்து அனுப்பும் சைட்டைக் கழற்றிவிட்டு, இருட்டில் ஒளிரும் சைட்டை மாட்டி, குண்டு சரியாகப் போகும்படி நகர்த்தி வைத்துக் கொடுப்பது வசந்தாமணியின் வேலை.

கோயமுத்தூர் பீளமேட்டுக்காரி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். மில் சாமான் செய்யும் ஒரு ஃபேக்டரியில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற ஏசி அறையில் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் வேலை பார்த்தாள். 1991இல் சேனாபதிக்கு டெலிகாம் கம்பெனியில் வேலை கிடைத்து அமெரிக்கா வந்தார்கள். கணவனின் விசாவைச் சார்ந்து வந்தவளுக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. கிரீன் கார்டு வரும்வரை அபார்ட்மென்டில் குழந்தை கயலை வைத்துக்கொண்டு, துவைத்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டு இருந்தாள். கார்டு வந்த பிறகு போட்ட அப்ளிகேஷன் எதற்கும் பதில் இல்லை. கயலின் டேகேருக்கு எதிரே இருந்த கடையின் கண்ணாடிக் கதவில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது. உள்ளே போனாள். கடைக்காரன் ரான்டிக்கு அறுபது வயது, கிட்டத்தில் இருப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அவள் கையில் ஒரு பழைய சைட்டையும் அரத்தையும் கொடுத்து ராவச் சொன்னான். ராவியதை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை வா" என்றான்.

"ஸ்போர்ட்ஸ் கடையில பார்ட் டைம்" என்றுதான் சேனாபதி முதலில் எல்லோரிடமும் சொல்லி வைத்தான். உண்மை தெரிந்த பிறகுதான் அந்த ஜோக் பிறந்தது.

அவளுக்குத் துப்பாக்கி பிடிக்காது. சத்தம் பிடிக்காது, வெடிமருந்து நாற்றம் முடியில் ஒட்டிக்கொள்வது பிடிக்காது. ஆனால் அந்த மேசை பிடித்தது. பிஸ்டலின் மேல்மூடியைத் தனியே கழற்றி, வைஸ் என்கிற இரும்புப் பிடிப்பானின் தாடைகளுக்கிடையே மரத்துண்டு வைத்து இறுக்க வேண்டும். சைட் உட்காரும் பள்ளம் மேலே குறுகி அடியில் விரிந்திருக்கும்; பக்கவாட்டில் தள்ளித்தான் எடுக்க முடியும். பித்தளைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டுகிறவர்கள் உண்டு. ஒளிரும் சைட்டில் அது ஆகாது. அதற்குள் கடுகைவிடக் கொஞ்சம் நீளமான கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். அதில் அடைத்த வாயுதான் பேட்டரி இல்லாமல் பல வருஷம் பச்சையாக எரியும். தட்டினால் குழாய் உடையும். அதனால் திருகு வைத்த கருவியால் மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். இறுக்கமாக இருந்தால் பிஸ்டலைத் தொடக் கூடாது, சைட்டின் அடியைத்தான் ராவ வேண்டும். அதுவும் இரண்டு இழுப்பு, பிறகு வைத்துப் பார்ப்பது, மறுபடி ஒரு இழுப்பு. கடைசியில் கடைக்குப் பின்னால் சுட்டுப் பழக இருந்த ரேஞ்சில் மணல் மூட்டை மேல் கையை வைத்துச் சுட்டுப் பார்ப்பாள். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை மயிரிழை நகர்த்த வேண்டும். முன் சைட் என்றால் எதிர்ப்பக்கம். அவ்வளவுதான் சாஸ்திரம்.

டெக்சஸில் லைசென்ஸ் எடுத்தால் பிஸ்டலை மறைத்து வைத்துக்கொண்டு நடமாடலாம் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. கடையில் கூட்டம். போலீஸ்காரர்கள், நர்ஸ்கள், லாரி ஓட்டுகிறவர்கள். அவளுடைய நெற்றிப் பொட்டைப் பார்த்து முதலில் தயங்குவார்கள். ஒருமுறை வாங்கிப் போன பிறகு "அந்த லேடிகிட்ட குடு" என்பார்கள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

வேலைக்குப் போக முடிந்ததற்கு முக்கியக் காரணம் ருக்மிணி. உடுமலைப்பேட்டைக்காரி, வசந்தாமணியைவிட ஐந்தாறு வயது சின்னவள். கயல் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ருக்மிணி வீட்டுக்குத்தான் போவாள். அங்கேதான் சாப்பாடு, ஹோம்வொர்க், ருக்மிணியின் இரண்டு பிள்ளைகளோடு சண்டை எல்லாம். வசந்தாமணிக்கு அமெரிக்காவில் உடன்பிறப்பு என்று சொல்ல இருந்தது அவள் ஒருத்திதான். அவள் கணவர் சுப்பையன், ஐம்பதைத் தொட்டவர், முன்னாலேயே வந்து சிட்டிசன் ஆகி, பெட்ரோல் பங்கோடு சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். ருக்மிணியின் தம்பி செழியன் புரோகிராமர். ஹெச்-ஒன் விசாவில் வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தான்.

தொண்ணூற்றொன்பது கோடையில் சுப்பையன் கடையில் கொள்ளை நடந்தது. காதோரம் பிஸ்டலை வைத்துக் கல்லாவைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அடி இல்லை, காயம் இல்லை. ஆனால் அந்த மனுஷர் மாறிப்போனார். கதவை மூன்று தரம் பூட்டிப் பார்ப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் பக்கம் திரும்புவார். ஒரு பிஸ்டல் வாங்கினார். அந்த வருஷக் கடைசியில், இரண்டாயிரம் பிறந்ததும் தேதி குழம்பிக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும், கரண்ட் போய்விடும் என்று டிவியில் பேச்சு. வசந்தாமணியின் மேசையில் நைட் சைட் கேட்டு வந்த பிஸ்டல்கள் வரிசையாக நின்றன.

நவம்பரில் சுப்பையனும் வந்தார். செழியன் கார் ஓட்டி வந்தான்.

"அம்மிணி, ஜனவரி ஒண்ணாந்தேதி கரண்ட் போயிருமாமே? இவன் ஆபீஸ்லயே அதுக்குத்தான் ராப்பகலா உக்காந்திருக்கானுங்க. இருட்டுல இந்தக் கெரகத்தை எப்படிக் குறி பாக்கறது?"

"அதெல்லாம் ஒண்ணும் போகாதுங்கண்ணா."

"போனா?"

அவள் வாங்கிக்கொண்டாள். பழைய சைட்டைத் தள்ளி எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, புதியதை ஏற்றினாள். ரேஞ்சில் சுட்டுப் பார்த்தபோது குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தன, ஆனால் இடப்பக்கம் தள்ளி. பின் சைட்டை வலப்பக்கம் ஒரு மயிரிழை நகர்த்தினாள். அடுத்த குண்டுகள் நடுவில் போய் உட்கார்ந்தன. பசைத் துளி விட்டு இறுக்கினாள்.

பிறகு அவர்கள் இரண்டு பேரையும் ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய் விளக்கை அணைத்தாள். இருட்டில் மூன்று பச்சைப் புள்ளிகள். சுப்பையன் பிஸ்டலை நீட்டிப் பிடித்து மூன்றையும் ஒரே வரியில் நிறுத்தினார்.

"அட! பட்டப்பகலாட்டத் தெரியுதே அம்மிணி!"

அவள் விளக்கைப் போட்டாள். "அண்ணா, இதை நல்லாக் கேட்டுக்கோங்க. இது பிஸ்டல் எங்க பாக்குதுன்னு மட்டுந்தான் காட்டும். எதுத்தாப்புல நிக்கறது யாருன்னு காட்டாது. மொதல்ல லைட்டைப் போடுங்க. கரண்ட் இல்லைன்னா டார்ச் அடிங்க, சத்தம் போட்டுக் கேளுங்க. ஆள் யாருன்னு தெரியாம இதைத் தூக்கவே கூடாது. இந்தாங்க, இந்த டார்ச்சையும் சேத்து எடுத்துக்கங்க."

"டார்ச்செல்லாம் ஊட்டுல கெடக்குதுங்க அம்மிணி. நீங்க இதைப் பொட்டில போடுங்க."

செழியன் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே சிரித்தான். "மாமா, நான் டெய்லி லேட்டாத்தான் வருவேன். வசந்தாக்கா சொன்னதை ஞாபகத்துல வெச்சுக்கங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஜனவரி ஒன்று வந்தது, போனது. ஒரு பல்பு கூட அணையவில்லை. சுப்பையன் வாங்கி அடுக்கிய தண்ணீர்ப் புட்டிகளைப் பிள்ளைகள் வருஷம் பூராவும் ஸ்கூலுக்கு எடுத்துப் போனார்கள். அந்த ஜனவரிக் கடைசியில் டாலஸில் பனிக்கட்டி மழை பெய்தது. மரக்கிளைகள் பாரம் தாங்காமல் ஒயர் மேல் விழுந்து, ருக்மிணி வீட்டுத் தெருவுக்கே கரண்ட் போனது.

மறுநாள் காலை வசந்தாமணி கயலுக்கு ஓட்ஸ் கிண்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ருக்மிணி. பேச்சே வரவில்லை, கத்தல்தான் வந்தது.

"அக்கா... இவரு தம்பியச் சுட்டுட்டாருங்க்கா!"

நடந்தது இவ்வளவுதான். செழியன் விடிவதற்கு முன் இருட்டோடு ஆபீஸிலிருந்து வந்திருக்கிறான். கரண்ட் இல்லாததால் கராஜ் கதவு திறக்கவில்லை. தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம் என்று வீட்டைச் சுற்றி வந்து சமையலறைப் பின்கதவைச் சாவி போட்டுத் தள்ளியிருக்கிறான். ஈரத்தில் உப்பியிருந்த கதவு, தோளால் இடித்ததும் படாரென்று திறந்தது. சுப்பையன் ஹாலுக்கு வந்தார். இருட்டில் ஒரு உருவம். விளக்கு இல்லை. டார்ச்சை எடுக்கவில்லை, யார் என்று கேட்கவில்லை.

வசந்தாமணி பனிக்கட்டி மேல் காரை மெல்ல ஊர விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராந்தாவில் சுப்பையன் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"மூணு புள்ளியும் நேரா நின்னுச்சு அம்மிணி. அப்படியே நேரா நின்னுச்சு."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போது அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

செழியனின் உயிர் தப்பியது. குண்டு வலது முழங்கை மூட்டைப் பொடியாக்கிவிட்டுப் போயிருந்தது. மூட்டை இரும்பு வைத்துக் கட்டினார்கள். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்ச்சி திரும்பாது என்றார்கள்.

அன்றிலிருந்து வசந்தாமணிக்கு ஒரு கணக்கு மண்டைக்குள் ஓட ஆரம்பித்தது. அவள் நகர்த்தாமல் விட்டிருந்தால் அந்தப் பிஸ்டல் இடப்பக்கம் தள்ளித்தானே சுட்டிருக்கும்? ரேஞ்ச் தூரத்தில் மூன்று அங்குலம். ஹாலுக்கும் சமையலறைக்கும் உள்ள தூரத்தில் அது முக்கால் அங்குலம் ஆகும். முக்கால் அங்குலத்தில் எலும்பு தப்பித்துச் சதையோடு போயிருக்குமா? இல்லை, மார்புப் பக்கம் போயிருக்குமா? இருட்டில் அலறியடித்துச் சுட்ட மனுஷனின் கை நடுக்கமே அதைவிட அதிகம் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கணக்கு நிற்கவில்லை. பாத்திரம் கழுவும்போது தன் முழங்கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

செழியனைத் தனியே பார்க்க ஒரு நாள் அவள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தான்.

"அக்கா, போலீஸ் உங்ககிட்ட வருவாங்க."

"வரட்டும். நடந்ததைச் சொல்றேன்."

"அதுதாங்க்கா வேண்டாம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நீங்க அத்தனை தெளிவா வார்ன் பண்ணினீங்கன்னு தெரிஞ்சா மாமாவை உள்ள வெச்சிருவாங்களாம். சொல்லியும் கேக்காமச் சுட்டா அது ஆக்சிடென்ட் இல்லை, அசட்டைன்னு ஆகிருமாம். லாயர் சொன்னாரு. கடையில அப்படி யாரும் எதுவும் சொல்லலைன்னா தப்பிச்சுக்கலாமாம்."

"நீ பக்கத்துல நின்னு கேட்டயே, செழியா."

"கேட்டேங்க்கா. நான் எங்கயும் சொல்லலை. மாமா ஜெயிலுக்குப் போனா அக்காவும் குழந்தைங்களும் என்ன பண்ணுவாங்க? கடையை யாரு பாப்பா? என் விசாவே நிக்குமான்னு தெரியலை."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ருக்மிணிக்காவது தெரியணும்."

"கேஸ் முடியட்டும். நானே சொல்றேன். ப்ராமிஸ்."

துப்பறியும் அதிகாரி ஒருவர் கடைக்கே வந்தார். மரியாதையான ஆள். மேசைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பிஸ்டலுக்கு சைட் மாட்டிக் கொடுத்தபோது அவள் சுப்பையனிடம் என்ன சொன்னாள் என்று கேட்டார். இருட்டில் எல்லாம் தெரியும் என்று சொன்னாளா? ஆளை அடையாளம் பார்க்கச் சொன்னாளா?

ரான்டி கல்லாப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சைட் மாட்டிக்கொள்ள வரும் ஒவ்வொருவரிடமும் அவள் எச்சரித்துச் சொல்லுவது அவனுக்குத் தெரியும். அவளுடைய இங்கிலீஷை அவன் கிண்டலாகத் திருப்பிச் சொல்லிக்கூடக் காட்டுவான்.

"எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை" என்றாள் வசந்தாமணி.

"எச்சரித்தீர்களா?"

"நாங்கள் தமிழில் பேசினோம். என்ன வார்த்தை என்று ஞாபகம் இல்லை."

அதிகாரி எழுதிக்கொண்டார். ரான்டி தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டு மூன்று வாரத்தில் விஷயம் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. சுப்பையன் சொல்கிறாராம்: "பட்டப்பகலாட்டத் தெரியும், பயப்படாதீங்கன்னு அந்தம்மாதான் சொல்லிக் குடுத்துச்சு. நான் எதைக் கண்டேன்?" லாயர் சொல்லிக் கொடுத்த வார்த்தையோ, அவராக ஏற்படுத்திக்கொண்டதோ, சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டது. தம்பி மாதிரி வீட்டில் வைத்திருந்தவனின் கையைத் தானே முடமாக்கிவிட்டேன் என்பதைச் சுமக்க முடியாத மனுஷன், தூக்கி வைக்க ஒரு இடம் தேடினார். பக்கத்தில் அவள்தான் இருந்தாள். போலீஸ் விசாரித்தபோது அவள் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை என்பதும் எப்படியோ வெளியே வந்திருந்தது. மறுக்கவில்லை என்றால் உண்மைதானே?

கயல் ஒரு சாயங்காலம் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி ருக்மிணி வீட்டுக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம் கேட்டதாம். பக்கத்து வீட்டு அமெரிக்கக் கிழவி அவளை உட்கார வைத்து, கடைக்குப் போன் பண்ணினாள். வீட்டுக்கு வரும் வழியில் கயல் கேட்டாள், "அம்மா, வை இஸ் ஆன்ட்டி மேட் அட் மீ?"

"உன் மேல இல்லை கண்ணு."

"தென் ஹூ?"

வசந்தாமணி சிக்னல் மாறியதைக் கவனிக்கவில்லை. பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான்.

ரான்டி அந்த வார வெள்ளிக்கிழமை அவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டான். கடைக்கு இன்சூரன்ஸ் கொடுக்கிறவர்கள் பயப்படுகிறார்கள், இனி அவளை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்றான். "நீ எல்லாருக்கும் சொல்வதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். நான் சாட்சி சொல்லத் தயாராக இருந்தேன். நீயே ஞாபகமில்லை என்று சொன்ன பிறகு நான் எங்கே நிற்பது? ஏன் அப்படிச் சொன்னாய்?"

அவளிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலைச் சொன்னால் அது அந்த அறையோடு நிற்காது. "ஸாரி" என்றாள். தன்னுடைய அரங்களை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

சேனாபதி விஷயம் கேட்டு, "நல்லதாப் போச்சு" என்றான்.

"என்னுங்க நல்லதாப் போச்சு?"

"அந்த எழவு வேலை வேண்டாம்னு எத்தனை தடவை சொன்னேன். இப்பப் பாரு, தமிழ் அசோசியேஷன்ல தலை காட்ட முடியலை."

"நான் சொன்னேனுங்க. அவருகிட்ட அத்தனையும் சொன்னேன். செழியன் பக்கத்துல நின்னான். அவங்களுக்காகத்தான் போலீஸ்கிட்ட மறைச்சேன்."

சேனாபதி டிவி சத்தத்தைக் குறைத்தான். நம்பினான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அதனால்தான் அவன் அடுத்துச் சொன்னது அப்படி எரிந்தது. "இதை இனி வெளியில சொல்லி என்ன ஆகப் போகுது? போலீஸ்கிட்டப் பொய் சொன்னது உனக்கே ப்ராப்ளம். சிட்டிசன்ஷிப்புக்கு வேற அப்ளை பண்ணியிருக்கோம். விடு, நாலு மாசத்துல எல்லாரும் மறந்துருவாங்க."

கேஸ் நடத்தலாமா என்று தீர்மானிக்கிற கிராண்ட் ஜூரி, சுப்பையன் மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டது. செய்தி கேட்ட அன்றே வசந்தாமணி செழியனுக்குப் போன் பண்ணினாள்.

"முடிஞ்சுது இல்ல செழியா. அக்காகிட்ட எப்பச் சொல்றே?"

"அக்கா, இப்பச் சொன்னா அவ மாமாவோட வாழ மாட்டா. தெரிஞ்சே சுட்டமாதிரி ஆகிரும். கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க்கா."

"என் பேரு என்ன ஆகுது?"

"உங்களுக்கு சேனாபதி அண்ணன் இருக்காரு, குழந்தை இருக்கு, ஒண்ணும் குறையலையேங்க்கா. என் கையைப் பாருங்க."

அவள் போனை வைத்துவிட்டாள். அடுத்த முறை கூப்பிட்டபோது வாய்ஸ்மெயில். அதற்கடுத்த முறையும். பிறகு அவன் சன்னிவேலில் வேலை மாறிப் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். இடது கையாலேயே வேகமாக டைப் பண்ணுகிறானாம். எல்லோருக்கும் அதில் பெருமை.

வசந்தாமணிக்கு மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்கிற லேபில் வேலை கிடைத்தது. நாளெல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்குள் லென்ஸைப் பொருத்துவது. பக்கத்தில் நிற்பவளோடு பேச முடியாத அளவு மெஷின் சத்தம். அது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. ஆண்கள் கூட்டத்தில் அந்தப் பழைய ஜோக்கை யாரும் இப்போது சொல்வதில்லை. அவள் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். பெண்கள் தட்டை நீட்டிப் பரிமாறுவார்கள், பக்கத்தில் உட்கார மாட்டார்கள். குழந்தைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஒருத்தியை அவள் ஒருமுறை பார்த்தாள், வசந்தாமணி ஏதோ பையில் துப்பாக்கி வைத்திருப்பதைப் போல.

இரண்டாயிரத்தொன்றில் டெலிகாம் கம்பெனிகள் சரிந்தன. சேனாபதியை அட்டைப் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். லென்ஸ் சம்பளத்தில் வீடு ஓடியது. அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

பிறகு செப்டம்பர். நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த பிறகு, பழுப்புத் தோல்காரர்கள் கடையில், பங்கில் தாக்கப்படுகிறார்கள் என்று தினம் ஒரு செய்தி. நவராத்திரிக்குக் கோயிலுக்குப் போனபோது வாசலில் போலீஸ் கார் நின்றது. பார்க்கிங்கில் ஒருவர், பாட்லக்கில் அந்த ஜோக்கை ஆரம்பித்து வைப்பவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார். "வசந்தாக்கா, எந்த மாடல் நல்லா இருக்கும்? ஃபேமிலி பயப்படுறாங்க. அந்த நைட்ல தெரியற சமாச்சாரம் நீங்களே மாட்டித் தர முடியுமா? வெளிய தெரிய வேண்டாம்."

"நான் அந்த வேலையை விட்டாச்சுங்க" என்றாள்.

உள்ளே கொலுவுக்கு முன்னால் சுண்டல் வரிசை. திரும்பிய இடத்தில் ருக்மிணி நின்றாள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் நேருக்கு நேர் பார்த்திருக்கவில்லை. இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. வசந்தாமணி வழிவிட்டு ஒதுங்கப் போனபோது ருக்மிணி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது.

"அக்கா, எத்தனை நாளைக்கு மனசுல வெச்சுட்டே இருக்கறது. உலகமே இப்படிக் கெடக்குது. நான் உங்களை மன்னிச்சுட்டேங்க்கா."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்கு ருக்கு?" என்றாள் வசந்தாமணி மெதுவாக. "நான் என்ன சொன்னேன்னு உன் தம்பிக்குத் தெரியுமே. அவனைக் கேட்டயா?"

"கேட்டேங்க்கா. அவன்தான் சொன்னான்." ருக்மிணி இன்னும் இறுக்கமாகக் கையைப் பிடித்தாள். "வசந்தாக்கா பாவம், வேணும்னேவா சொன்னாங்க? தெரியாமச் சொல்லிட்டாங்க, மன்னிச்சிரு அக்கான்னு போன்ல அவனே அழுதான். அவனே மன்னிச்ச பொறகு நான் யாருங்க்கா?"

ருக்மிணியின் முகத்தில் கள்ளம் இல்லை. அவள் நம்பினாள். நம்பித்தான் மன்னித்தாள். ஒரு நிமிஷம் வசந்தாமணி வாயைத் திறந்தாள். எல்லாவற்றையும் அந்தச் சுண்டல் வரிசையிலேயே போட்டு உடைத்துவிடலாம். ஸ்டோர் ரூம் இருட்டு, பட்டப்பகல் என்று சொன்னது யார், டார்ச்சை வேண்டாம் என்றது யார், சாவியைச் சுழற்றிக்கொண்டு சிரித்தது யார். சொன்னால் ருக்மிணி நம்ப மாட்டாள். மன்னித்தவளிடமே பழி போடுகிறாள் என்பார்கள். நம்பிவிட்டால் அதைவிட மோசம். அவளுக்குப் புருஷனும் போவான், தம்பியும் போவான்.

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்காங்க்கா. கயல் வளந்துட்டா. வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. தீபாவளிக்குக் கட்டாயம் வரணும்."

காரில் ஏறியதும் சேனாபதி பெருமூச்சு விட்டான். அவன் தூணோரம் நின்று பார்த்திருக்கிறான். "அப்பாடா. ஒரு வழியா முடிஞ்சுது. நல்ல பொம்பளை அது, மனசு பெருசு. தீபாவளிக்குப் போகணும்."

"நீங்க போங்க."

"மன்னிச்சேன்னு அவளே எறங்கி வர்றா. நீ எதுக்கு இன்னும் முறுக்கிக்கிறே?"

பின்சீட்டில் கயல் ஹெட்ஃபோனை மாட்டியிருந்தாள். பங்கில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள்; சேனாபதி இறங்கிப் போனான். உள்ளே கல்லாவில் நின்ற பாகிஸ்தானிப் பையனின் நெஞ்சில் அமெரிக்கக் கொடி பேட்ஜ் குத்தியிருந்தது.

தீபாவளிக்கு சேனாபதியும் கயலும் போனார்கள். கயலுக்குப் புதுச் சுடிதார். சுப்பையன் வாசலுக்கே வந்து சேனாபதியைக் கட்டிப்பிடித்தாராம். அம்மிணி வரலையா என்று இரண்டு தரம் கேட்டாராம். வசந்தாமணி அன்று லேபில் ஓவர்டைம் கேட்டு வாங்கியிருந்தாள். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது மேசை மேல் ருக்மிணி கொடுத்தனுப்பிய பலகாரப் பெட்டி இருந்தது. முறுக்கு, அதிரசம், மேலே ஒரு வாழைப்பழம். அவள் பெட்டியை மூடாமலே குப்பைக் கூடையில் போட்டாள். பெட்டி நல்ல எவர்சில்வர் டப்பா என்பது நினைவுக்கு வந்து திரும்ப எடுத்து, பலகாரத்தை மட்டும் கொட்டிவிட்டு, டப்பாவைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாள் அதைச் சேனாபதியிடம் கொடுத்தனுப்பினாள். வெறும் டப்பாவைத் திருப்பித் தரக் கூடாது, கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடு என்றான் அவன். அவள் போடவில்லை.